12ஏ: யன்னல் இல்லாத யன்னல் சீட்

மட்டக்களப்பு கல்லடியில் சின்னதாக ஒரு டிக்கெட் கடை வைத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் வந்த முறைப்பாடுகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும்: பெட்டி வரவில்லை, விசா பிந்திவிட்டது, பாஸ்போட்டில் உள்ள பெயருக்கும் டிக்கெட்டில் உள்ள பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம். யன்னலைப் பற்றி ஒருவர் வந்து கேட்டது ஒரே ஒரு தரம். களுதாவளைப் பெரியம்மா ஒருவர், லண்டனில் மகளோடு நான்கு மாதம் இருந்துவிட்டு வந்தவர், கடைக் கதிரையில் இருந்து தண்ணீர் வாங்கிக் குடித்து, மூச்சு வாங்கிய பிறகு கேட்டார்: “யன்னலுக்கெண்டு தனியாக் காசு எடுத்தீங்க மனே. அந்த யன்னல் எங்க?”

பதில் சொல்ல எனக்கு ஒரு கிழமை தேவைப்பட்டது. தேடித் தெரிந்துகொண்டதையும் அவர் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நம் பக்கத்தில் டிக்கெட் போடுகிறவர்களுக்கும், அம்மா அப்பாவை முதல் தரம் பிளேனில் ஏற்றுகிறவர்களுக்கும் உதவும். எந்த விமான நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. முதல் பயணத்தின் விமான வகையையும் விட்டுவிடுகிறேன். அதைச் சொன்னாலே நம் ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நடந்தது

மகள் லண்டனிலிருந்து அழைத்துக் கேட்டது ஒரே விஷயம். “அண்ணா, அம்மா முதல் தரம் பிளேனில வாறா. கூடக் காசு எண்டாலும் பரவாயில்ல, யன்னல் சீட் எடுத்துக் குடுங்க. வழி முழுக்கப் பாத்துட்டு வரட்டும்.” பெரியம்மா கொழும்பையே இரண்டு தரம்தான் பார்த்தவர். வெற்றிலைத் தோட்டம், பிள்ளையார் கோயில், களுவாஞ்சிகுடிச் சந்தை, இவ்வளவுதான் அவருடைய சுற்று.

கட்டுநாயக்காவிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றுக்கு ஒரு விமானம், அங்கிருந்து லண்டனுக்கு இன்னொன்று. முதலாவது, நடுவில் ஒரே நடைபாதை உள்ள சின்ன விமானம். கணினித் திரையில் இருக்கை வரைபடத்தைத் திறந்தேன். இடப்பக்கச் சுவரோரம் 12ஏ காலியாக இருந்தது. மேலதிகக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய். கட்டினேன்.

12ஏ-இல் சுவர்தான் இருந்தது. வெளிர் நிறப் பிளாஸ்டிக் சுவர், ஒரு கோடுகூட இல்லை. முன் வரிசைக்காரரின் யன்னல் எட்டாத தூரத்தில். பின் வரிசை யன்னலிலிருந்து ஒரு விரல் அகல வெளிச்சம் தோளில் விழுந்திருக்கிறது. பெரியம்மாவுக்கு யன்னல் இல்லை என்றே தோன்றவில்லை. பூட்டி வைத்திருக்கிறார்கள், பிறகு திறப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். “தடவிப் பாத்தன் மனே. கொண்டி ஒண்டும் அம்பிடல்ல.” பணிப்பெண்ணிடம் கேட்கக் கூச்சம். அப்படியே நாலரை மணித்தியாலம், சுவரைப் பார்த்தபடி.

எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது இந்த இடத்தில்தான். காசைத் திருப்பிக் கொடுக்கலாம். சுவரில் கொண்டி தேடிய கையை என்ன செய்வது?

சுவருக்குள் என்ன இருக்கிறது

விமானத்தின் உடல் ஒரு நீளக் குழாய். அந்தக் குழாயை உள்ளேயிருந்து தாங்குவதற்கு, மாட்டின் விலா எலும்புபோல, வரிசையாக வளையங்கள் போட்டிருப்பார்கள். இரண்டு வளையங்களுக்கு நடுவில் மட்டும்தான் யன்னலுக்கு இடம். போயிங் 737 இல் ஒரு வளையத்திலிருந்து அடுத்ததற்குச் சுமார் 20 அங்குலம், எயார்பஸ் ஏ320 இல் சுமார் 21. இது தொழிற்சாலையிலேயே முடிந்துபோகிற கணக்கு. விமானம் உயிரோடு இருக்கும்வரை மாறாது.

இருக்கைகள் கதை வேறு. தரையில் தண்டவாளம்போல நீளப் பட்டிகள் பதித்திருக்கும். அதில் இருக்கைகளை ஓர் அங்குலம் முன்னே, ஓர் அங்குலம் பின்னே என்று நகர்த்திப் பூட்டலாம். வரிசைக்கு வரிசை எத்தனை அங்குலம் விடுவது என்பது விமானத்தை ஓட்டுகிற நிறுவனத்தின் விருப்பம். மலிவுச் சேவை என்றால் 28, 29. கொஞ்சம் தாராளம் என்றால் 31, 32.

இப்போது ஒரு கொப்பியில் கோடு போட்டுப் பாருங்கள், நானும் போட்டேன். யன்னல் 20 அங்குலத்துக்கு ஒன்று, இருக்கை 30 அங்குலத்துக்கு ஒன்று. முதல் வரிசையின் தோளுக்கு நேரே யன்னல் வந்தால், இரண்டாம் வரிசையின் தோளுக்கு நேரே இரண்டு யன்னல்களுக்கு நடுவிலுள்ள சுவர் வரும். மூன்றாம் வரிசைக்கு மறுபடியும் யன்னல். 30 ஐ 29 ஆக்கினால் இந்த ஒழுங்கும் போய், ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கிக்கொண்டே போகும். ஒருவருக்கு முழு யன்னல், ஒருவருக்கு முக்கால், ஒருவர் முன் இருக்கைக்கும் சுவருக்கும் இடையில் கழுத்தை நுழைக்க வேண்டும். வேலிக்கட்டையை ஒருவர் நட்டுவிட்டுப் போக, வேறொருவர் வந்து தன் அளவில் மரம் நட்ட மாதிரி.

12ஏ-இன் வழக்கு இதையும் தாண்டியது. அங்கே யன்னல் சறுக்கவில்லை, வெட்டவே இல்லை. இப்படி யன்னல் இல்லாத வரிசைக்குப் பேர்போனது 737 குடும்பம்தான், மற்ற விமானங்களிலும் உண்டு. காற்றைக் குளிராக்கும் இயந்திரங்கள் விமானத்தின் வயிற்றில், இறக்கை சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். காற்று வெளிவரும் துளைகளோ நம் தலைக்கு மேலே. வயிற்றிலிருந்து தலைக்குக் காற்றைக் கொண்டுபோகப் பருத்த குழாய்கள் வேண்டும். அவை பக்கச் சுவருக்குள்ளேதான் ஏறுகின்றன. குழாய் ஏறுகிற இடத்தில் யன்னல் கிடையாது. வீடு கட்டும்போது தண்ணீர்க் குழாய் இறங்குகிற சுவரில் யன்னல் வை என்றால் மேசன் என்ன சொல்வார்? அதேதான்.

ஆகவே கட்டியவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பெயர் வைத்து விற்கிறவர்கள்மேல்தான். “யன்னல் இருக்கை” என்று திரையில் எழுதியிருப்பது சுவரோர இருக்கை என்ற அர்த்தத்தில் மட்டும். சில நிறுவனங்கள் அந்த இடத்தில் யன்னல் இல்லை என்று நேர்மையாகக் குறித்து வைக்கின்றன. பல வைப்பதில்லை. அமெரிக்காவில் 2025 ஓகஸ்டில் இரண்டு பெரிய விமான நிறுவனங்கள்மேல் பயணிகள் வழக்கே போட்டார்கள்: யன்னலுக்கென்று காசு வாங்கிச் சுவரை விற்றார்கள் என்று. செய்தியை வாசித்தபோது களுதாவளைப் பெரியம்மாவின் கேள்வியை யாரோ ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த மாதிரி இருந்தது.

பெரிதாக வெட்டினால் என்ன?

மகளின் கேள்வி இது. பஸ் யன்னல் அளவுக்கு வைத்தால் சறுக்கினாலும் பரவாயில்லையே?

35,000 அடி உயரத்தில் வெளியே காற்று மிக மெல்லியது. உள்ளே நாம் மூச்சுவிடக் காற்றை அமுக்கி வைக்கிறார்கள். வழக்கமான விமானத்தில் அந்த அமுக்கம் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம் வரை இறங்கலாம். பிதுருதலாகல மலை உச்சியில் நிற்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வொரு யன்னலையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். 25 க்கு 35 சென்றிமீற்றர் யன்னல் ஒன்றின்மேல் அது கிட்டத்தட்ட அரைத் தொன். 65 கிலோ நெல்மூட்டையாக எடுத்தால் ஏழரை மூட்டை. யன்னலை இரு மடங்காக்கினால் மூட்டையும் இரு மடங்கு. அதோடு சுவரில் வெட்டிய ஒவ்வொரு துவாரத்தைச் சுற்றியும் உலோகம் கூடுதலாகச் சிரமப்படும். ஒவ்வொரு பயணத்திலும் உடல் ஊதி, இறங்கும்போது தளர்கிறது. மூலை கூராக இருந்தால் சிரமம் எல்லாம் அங்கே போய்க் குவியும்.

இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது கொமெட் விமானத்தில். உலகில் முதன்முதலில் பயணிகளை ஏற்றிய ஜெட் அதுதான். 1952 இல் சேவைக்கு வந்தது, அதே வருடம் கொழும்புக்கும் வந்தது. 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு கொமெட்டுகள் மத்தியதரைக் கடலின் மேல் வானத்திலேயே பிளந்தன. இங்கிலாந்தில் ஒரு முழு விமான உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, ஆயிரக்கணக்கான தரம் அமுக்கிவிட்டுச் சோதித்தார்கள். துவாரத்தின் மூலையில் வெடிப்புத் தொடங்கியது. “சதுர யன்னலால் விழுந்தது” என்று சுருக்கிச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. கடலிலிருந்து எடுத்த உடைசலில் வெடிப்பு, கூரையில் வானொலிக் கருவிக்காக வெட்டிய துவாரத்தின் மூலையிலிருந்து போயிருந்தது. தகட்டின் தடிப்பு, ஆணி அடித்த விதம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. எப்படியோ, அதற்குப் பிறகு வந்த ஜெட்களின் யன்னல்கள் மூலை உருண்டு, முட்டை வடிவத்தை நெருங்கின.

கொன்கோர்ட் ஒலியைவிட வேகமாக, 60,000 அடிவரை பறந்தது. அந்த உயரத்தில் யன்னல் ஒன்று போனால் உள்ளே இருக்கும் காற்று மெதுவாக வெளியேற வேண்டும் என்பதற்காக யன்னலை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள். உலகத்திலேயே விலை கூடிய டிக்கெட்டுகளில் ஒன்று, அதில் இவ்வளவு சின்ன யன்னல்!

பெரிய யன்னல், நீல இருட்டு

பெரியம்மாவின் இரண்டாவது விமானம் போயிங் 787. நான் தெரிந்தே அந்தச் சேவையை எடுத்தேன். அதன் உடல் கார்பன் இழையால் ஆனது. உலோகத்தைப்போல ஊதித் தளர்ந்து களைத்துப்போவது குறைவு என்பதால், யன்னலைத் தைரியமாகப் பெரிதாக வெட்டினார்கள்: ஏறத்தாழ 47 சென்றிமீற்றர் உயரம், 27 அகலம். உள்ளே அமுக்கமும் 6,000 அடிக்குச் சமம், அதாவது நுவரெலியா. காது அடைப்பும் களைப்பும் குறைவு என்பார்கள்.

அகலத்தைவிட உயரம்தான் முக்கியம். பழைய விமானங்களில் யன்னல் கொஞ்சம் பதிவாக இருப்பதால் உயரமானவர் குனிந்தால்தான் அடிவானம் தெரியும். 787 இல் நடு இருக்கைக்காரருக்கே அடிவானம் தெரியும். பெரியம்மா ஐந்தடிக்கும் குறைவு. அவருக்குக் குனியத் தேவையில்லாமல் எல்லாம் தெரிந்தது. ஒரு மணித்தியாலம்.

சாப்பாடு முடிந்ததும் யன்னல் தானாக இருண்டது. 787 இல் இழுத்து மூடுகிற ஷட்டர் இல்லை. மெல்லிய தகடுகளுக்கு நடுவில் ஒரு ஜெல் இருக்கிறது. சிறிதளவு மின்சாரம் போனால் அது கருநீலமாகிறது. கீழே பொத்தான் உண்டு, ஐந்து படிகள். ஆனால் பணியாளர்கள் நினைத்தால் முழு விமானத்தின் யன்னல்களையும் ஒரே இடத்திலிருந்து இருட்டாக்கிப் பூட்டிவிடலாம். அன்றைக்கு அதைத்தான் செய்தார்கள். பகல்நேரப் பயணம், வெளியே நல்ல வெயில், உள்ளே ராத்திரி. அந்த ஜெல் முழுக் கறுப்பாகாது என்பதால் சூரியன் மட்டும் மங்கிய நீல வட்டமாகத் தெரிந்திருக்கிறது.

“நிலாவெண்டு நினைச்சன்” என்றார் பெரியம்மா. “மறுகா மகள்தான் சொன்னவ, அது சூரியனெண்டு.”

தூங்குகிறவர்களுக்கும் திரையில் படம் பார்க்கிறவர்களுக்கும் இருட்டு வசதி என்பது சரி. ஷட்டர் இருந்தால் என் வெளிச்சத்துக்கு நானும் பக்கத்திலிருப்பவரும் கதைத்து முடிவு எடுப்போம். இப்போது அந்த முடிவு ஒரு பொத்தானில் போய்விட்டது. யன்னலைப் பெரிதாக்கியவர்களே அதன் சாவியைப் பயணியின் கையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் யன்னலைத் திறந்து வைக்கச் சொல்வார்கள். ஏதாவது நடந்தால் எந்தப் பக்கம் நெருப்பு, எந்தப் பக்கம் இறங்கலாம் என்று உள்ளேயிருந்து பார்க்க வேண்டும். கண்ணும் வெளி வெளிச்சத்துக்குப் பழகியிருக்க வேண்டும்.

ஓட்டை

திரும்பி வரும்போது மகளும் கூட வந்தார். வளைகுடாவிலிருந்து கட்டுநாயக்காவுக்கு மீண்டும் அதே வகைச் சின்ன விமானம், இந்தத் தரம் பின்பக்கம், 23 ஆம் வரிசை. யன்னல் முழுதாகவே கிடைத்தது. ஏறி ஒரு மணித்தியாலத்தில் பெரியம்மா மகளைத் தட்டி எழுப்பியிருக்கிறார். யன்னலின் கீழ்ப்பக்கத்தில் ஒரு குண்டூசி ஓட்டை. அதைச் சுற்றிப் பனி பூத்திருக்கிறது. கண்ணாடி உடையப்போகிறது என்று அவருக்குப் பயம். மகளுக்கும் பதில் தெரியவில்லை. இறங்கியதும் எனக்குத்தான் படம் வந்தது.

விமான யன்னல் மூன்று தகடு. கண்ணாடி என்று நாம் சொன்னாலும் பெரும்பாலும் அக்ரிலிக் பிளாஸ்டிக்தான். நம் மூக்கு முட்டுவது ஆக உள்ளே இருக்கும் மெல்லிய தகடு. கீறல் விழாமல் காப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. ஏழரை மூட்டைப் பாரத்தைத் தாங்குவது வெளித் தகடு. நடுத் தகடு காவலுக்கு: வெளித் தகடு போனால் அது தாங்கும். ஓட்டை இருப்பது நடுத் தகட்டில். உள்காற்று அதன் வழியாகப் போய் இரண்டு தகட்டுக்கும் நடுவில் நிறைவதால் நடுத் தகட்டின் இரு பக்கமும் அமுக்கம் சமமாகிவிடும், பாரம் முழுவதும் வெளித் தகட்டுக்குப் போகும், நடுத் தகடு களைக்காமல் காத்திருக்கும். ஈரக்காற்று தேங்கி யன்னல் புகைபடியாமலும் அந்த ஓட்டை பார்த்துக்கொள்ளும். வெளியே பூச்சியத்துக்குக் கீழே 50 பாகையளவு குளிர். ஓட்டையால் வருகிற மனித மூச்சின் ஈரம் அந்தக் குளிரில் பட்டு உறைந்ததுதான் பெரியம்மா கண்ட பனிப்பூ.

இதைக் கடையில் வைத்து மூன்று சோடாமூடியால் விளக்கினேன். “அப்ப அது ஓட்டையில்ல, மூக்கு” என்றார். நான் தேடி வாசித்த விளக்கங்களைவிட அது நன்றாக இருந்தது.

மூன்றாவது யன்னல்

கட்டுநாயக்காவிலிருந்து இரவு பஸ் ஏறி ஏழெட்டு மணித்தியாலம் குலுங்க வேண்டாம் என்று, மகள் மட்டக்களப்புக்குச் சின்ன விமானத்தில் இடம் எடுத்திருந்தார். செஸ்னா கரவன், ஒற்றை இயந்திரம், பத்துப் பேரளவில் கொள்ளும். யன்னலுக்கு மேலதிகக் கட்டணம் இல்லை. வாங்கினால் சிரிப்பார்கள்.

இந்த விமானம் பத்தாயிரம் அடிக்குள் பறப்பது. உள்ளே காற்றை அமுக்குவதில்லை. ஆகவே ஏழரை மூட்டையும் இல்லை, மூன்று தகடும் இல்லை, ஓட்டையும் இல்லை. யன்னலை வீட்டு யன்னல்போல அகலமாக வைக்க முடிகிறது. அப்புறம் இறக்கை தலைக்கு மேலே. பெரிய விமானத்தில் இறக்கை வரிசையில் இடம் கிடைத்தால் பாதி நாட்டை அலுமினியத் தகடு மறைக்கும். இதில் கீழே பார்க்க ஒரு தடையும் இல்லை, ஒரு முட்டுக்கம்பியைத் தவிர. சத்தம் மட்டும் உழவு மிசின் மாதிரி.

குளங்கள், காடு, பிறகு வயல். விமானம் தாழ இறங்கியபோது வாவி முழுநீளத்துக்குக் கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம் படுவான்கரை, பச்சை. அந்தப் பக்கம் எழுவான்கரை, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஓர் ஓலைக்கீற்று அகலத்தில் மணல். பெரியம்மா பிறந்து வளர்ந்து அறுபத்தெட்டு வயதுவரை இருந்தது அந்தக் கீற்றின்மேல். தெற்கே களுதாவளைப் பக்கத்தை மகள் விரலால் காட்டியிருக்கிறார். புளியந்தீவு, 1924 இல் திறந்த பழைய இரும்புப் பாலம், பக்கத்தில் புதுப் பாலம் எல்லாம் தெரிந்தன. திமிலதீவில் ஓடுபாதை தண்ணீருக்குப் பக்கத்திலேயே வந்தது.

“இவ்வளவு மெல்லிசான இடத்திலயா மனே நாங்க இருக்கிறம்?” என்று கடையில் வைத்தும் கேட்டார். சுனாமியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கணக்குப் பார்த்தால் மூன்று வகை விமானங்களில் யன்னல் தொழில்நுட்பம் ஆகக் குறைந்தது இந்தக் கடைசி விமானத்தில்தான். அவர் ஆகக் கூடுதலாகப் பார்த்ததும் அதில்தான்.

கடையில் மாறியது

12ஏ கட்டணம் திரும்பி வந்தது. மூன்று மின்னஞ்சலும் பக்கத்து இருக்கைத் தம்பி எடுத்த சுவரின் படமும் தேவைப்பட்டன. முதல் பதிலில் “சுவரோர இருக்கையைத்தான் வழங்கினோம்” என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவது மின்னஞ்சலில் அவர்களுடைய வரைபடத்தில் “யன்னல்” என்று இருந்த சொல்லை வட்டமிட்டு அனுப்பினேன்.

இப்போது கடையில் ஒரு கொப்பி இருக்கிறது. போகிறவர்களிடம் ஏறியதும் தங்கள் யன்னலை ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடச் சொல்கிறேன். விமான வகை, வரிசை, முழு யன்னலா, பாதியா, சுவரா, இறக்கையா என்று குறித்துக்கொள்கிறேன். வளைகுடாவுக்குப் போகிற பின்னேரச் சேவை என்றால் வலப்பக்கம் கொடுக்கிறேன். விமானம் வடமேற்கே போவதால் இடப்பக்கத்தில் வெயில் முகத்தில் அடிக்கும். பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இறக்கைக்கு நன்றாகப் பின்னே, ஆனால் கடைசி இரண்டு வரிசை வேண்டாம், அங்கே கழிவறை வரிசையில் நிற்பவர்கள் தலைக்கு மேல் நிற்பார்கள். காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கத்திலிருந்து கட்டாருக்கு அடிக்கடி போய்வருகிற இளைஞர்கள் யன்னலே வேண்டாம் என்கிறார்கள். அவர்களுக்கு நடைபாதை, கால் நீட்ட.

கொப்பியால் தீராத ஒன்று இருக்கிறது. நிறுவனம் கடைசி நேரத்தில் விமானத்தையே மாற்றிவிடும். இருக்கை எண் அப்படியே இருக்கும். அந்த எண்ணுக்கு நேரே என்ன இருக்கிறது என்பது மாறிவிடும். போன மாதம் ஆரையம்பதித் தாத்தா ஒருவருக்கு 19எவ் எடுத்துக் கொடுத்திருந்தேன், கொப்பியில் முழு யன்னல். முதல்நாள் இரவு பதினொரு மணிக்கு விமான வகை மாறியதாகச் செய்தி வந்தது. புது வரைபடத்தைத் திறந்து, கொப்பியைப் புரட்டி, கோடு போட்டுக் கணக்குப் பார்த்தேன். யன்னல் இருந்தது. இறக்கைக்கு நேர் மேலே. 26எவ் காலியாகக் கிடந்தது, மாற்றிவிட்டுப் போய்ப் படுத்தேன். விடிய அவரிடமிருந்து படம் வந்தது: கடல், கொஞ்சம் மேகம், கீழே மூலையில் அந்தச் சின்ன மூக்கு.